இல்லீங்க = 0

இண்டூர் போகும் சாலையில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே மூன்று வருடம் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டேன். பைத்தான் மொழியில் புரோகிராம் தட்டும் ஷெல் திரையில் ஒரு சொல்லின் முதல் எழுத்துகளைத் தட்டி டேப் கீயை அழுத்தினால் மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். தட்டியதில் பிழை இருந்தால் ஒன்றும் நடக்காது. உடனே பிள்ளைகள் கீ கெட்டுப்போய்விட்டது என்று என்னைக் கூப்பிடுவார்கள். ஓடி ஓடிக் கால் வலித்தது.

ஷெல் திறக்கும்போது முதலில் ஓடும் கோப்பில் எழுதிவைத்தால் டேப்பை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பொருத்தமான சொல் கிடைக்காவிட்டால் ‘இல்ல’ என்று சொல்லும்படி நாலு வரி எழுதினேன். எழுதியதில் ஒரு தப்பு. திரையில் தனியாகக் காட்ட வேண்டியதை, நிரப்ப வேண்டிய சொல்லாகவே அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் தப்பாகத் தட்டிய சொல் அழிந்து அந்த இடத்தில் ‘இல்ல’ வந்து உட்கார்ந்தது. இதுவும் புரியத்தானே செய்கிறது என்று விட்டுவிட்டேன். சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

ஒருநாள் எங்கள் எச்.ஓ.டி. வந்து ஏதோ தட்டிப் பார்த்தார். ‘இல்ல’ வந்தது.

“யாருங்க இது, என்னைப் பாத்து இல்லங்கறது?”

மெஷின் சார் என்றேன். மெஷினாக இருந்தாலும் பெற்றோர் வந்துபோகும் இடம், மரியாதை வேண்டும் என்றார். அன்றே ‘இல்லீங்க’ என்று மாற்றினேன்.

பிள்ளைகள் அந்தச் சொல்லை அழிக்காமல் அப்படியே புரோகிராமை ஓட்டினார்கள். அதன்பிறகு எல்லோர் திரையிலும் ஒரே பிழைச்செய்தி: ‘இல்லீங்க’ என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை. அதை முழுக்கப் படித்தது சித்தேரியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண் மட்டும்தான். பெயர் இல்லையென்றுதானே சொல்கிறது, வைத்துவிட்டால் போகிறது என்று முதல் வரியிலேயே இல்லீங்க = 0 என்று போட்டாள். லேப் கீபோர்டில் தமிழ் கிடையாது. இரண்டு இசட் தட்டி டேப்பை அழுத்தினால் அந்தச் சொல் வந்துவிடும் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். பிழை போய்விட்டது. அடுத்த வாரம் வகுப்பு முழுவதும் அந்த வரியில்தான் தொடங்கியது. ரெக்கார்ட் நோட்டுகளில் அழகான கையெழுத்தில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தார்கள்.

செய்முறைத் தேர்வுக்குச் சேலத்திலிருந்து வெளித் தேர்வாளராக ஒரு மேடம் வந்தார். பத்து நோட்டைப் புரட்டியதும் புருவம் சுருங்கியது. சித்தேரிப் பெண்ணை அழைத்தார்.

“இந்த இல்லீங்க எதுக்கும்மா?”

“அது இல்லீன்னா ஓடாதுங்க மேடம்.”

மேடம் அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். ஓடவில்லை. திரும்பப் போட்டார், ஓடியது. ஐந்து பாடத்தின் மதிப்பெண்ணைக் கூட்டும் புரோகிராம் அது. அந்தப் பெண் கூட்டுத்தொகையையே ‘இல்லீங்க’வில்தான் சேர்த்துக்கொண்டு போயிருந்தாள். விடை ஒரு எண் பிசகாமல் சரியாக இருந்தது. மேடம் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். எச்.ஓ.டி. மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது எங்கள் துறையின் வழக்கம் என்றார். அதற்குப்பிறகு அந்த வரி இல்லாத இரண்டு பேரை நிறுத்தி, ஏன் இல்லையென்று மேடமே கேட்டார்.

அன்று மாலை மனசு கேட்கவில்லை. எச்.ஓ.டி. அறைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ரிசல்ட் வந்தபிறகு அந்த நாலு வரியை எடுத்துவிடலாம் என்றார். ரிசல்ட் வந்தது, எல்லோரும் பாஸ். ஆனால் அதற்குள் புதிய லேப் கையேடு அச்சாகி வந்திருந்தது. முதல் பக்கத்தில் முதல் படி: இரண்டு இசட் தட்டி டேப்பை அழுத்தி, ‘இல்லீங்க’வுக்குப் பூச்சியம் கொடுக்கவும்.

இருந்தாலும் விடுமுறையில் அந்த நாலு வரியை அழித்தேன். கல்லூரி திறந்த முதல் நாளே முதலாமாண்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். இசட் தட்டினால் ஒன்றும் வரவில்லையாம், சிஸ்டமெல்லாம் பழுதாம். மதியத்துக்குள் எச்.ஓ.டி.க்கு எழுத்துமூலம் புகார் போய், அது என் மேசைக்கு வந்துவிட்டது. விளக்கம் எழுதலாமென்று பேனாவை எடுத்தேன். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. பேனாவை மூடிவிட்டு, நாலு வரியையும் திரும்பப் போட்டேன். புகாரின் கீழே ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, உண்மையைச் சொன்னால், நிம்மதியாகத்தான் இருந்தது.