பச்சைக் கொடியும் இரண்டு முட்டைக்கோஸும்: லெசோத்தோ மலைகளில் நாங்கள் இருவர்

லெசோத்தோ என்று ஒரு நாடு இருப்பதே எனக்கு ஒரு அட்டைப்பெட்டியால்தான் தெரியவந்தது. துபாயில் ஒரு சரக்குக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை. ஒரு நாள் வந்திறங்கிய ஜீன்ஸ் பெட்டிகளின் மேல் 'மஸேரு' என்று அச்சடித்திருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் மேப்பில் தேடினேன். தென்னாப்பிரிக்காவின் வயிற்றுக்குள் ஒரு குட்டி ராஜ்யம், இன்னமும் ராஜா உள்ள ஊர். அந்த நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நானூறு மீட்டராம். நான் வலங்கைமான் பக்கத்துக்காரன். எங்கள் பகுதியில் உயரம் என்றால் ஆற்றங்கரை, அதை விட்டால் திருவாரூர்த் தேர். போயே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்வது சுலபம். வெளிநாட்டில் வேலை பார்ப்பவனை எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் சபுராளி என்பார்கள். சபுராளி லீவில் வருவான், நாலு கல்யாணம் சாப்பிடுவான், பத்திர ஆபீசுக்கு அலைவான், அத்தர் பாட்டில் தீர்ந்ததும் திரும்பிப் போவான். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றால் கிறுக்கு என்பார்கள். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்து, காசு கையில் மிஞ்சிக் கிடந்தால் மக்காவுக்கு உம்ரா போகலாமே என்றார். அதற்கும் போவோம் பெரியத்தா, இன்ஷா அல்லாஹ் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஆனால் அந்தப் பயணத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருடம். அதில் நானும் நஸீமாவும் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம்கூடத் தேறாது. கம்பெனியில் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறோம், லீவு முடிந்து வந்ததும் பதில் சொல் என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடுவதா, ஊரோடு வந்துவிடுவதா? நஸீமாவிடம் கேட்டேன். எங்கள் ஐந்து மா நிலத்தையும், ஆள் பிடிப்பதையும், அறுவடை மெஷினுக்கு முறை வாங்குவதையும் தனியாகவே பார்த்துக்கொள்பவள் அவள். எதற்கும் பதில் வைத்திருப்பாள். இதற்கு மட்டும் கையை விரித்துவிட்டாள்.

"வாங்கன்னும் சொல்ல மாட்டேன், இருங்கன்னும் சொல்ல மாட்டேன் மச்சான். நான் கூப்பிட்டுத்தான் வந்தேன்னு நாளைக்கு ஒரு சண்டையில சொல்லிடுவீங்க. நீங்களே முடிவு பண்ணுங்க."

சரி, மலையில் உட்கார்ந்து முடிவு பண்ணலாம் என்று லீவின் கடைசிப் பத்து நாளை ஒதுக்கினோம். 2014 மார்ச். ஊரில் உளுந்து பறிக்கிற நேரம். மகளை மாமியார் வீட்டில் விட்டோம். உளுந்தை யாரிடம் விடுவது என்பதில்தான் நஸீமா ஒரு வாரம் யோசித்தாள்.

திருச்சியிலிருந்து துபாய், அங்கிருந்து ஜோஹன்னஸ்பர்க் எட்டு மணி நேரம். ஜோஹன்னஸ்பர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மஸேரு போகும் வேன்கள் நிற்கின்றன. ஆளுக்கு இருநூறு ராண்ட், அன்றைய கணக்கில் ஆயிரத்து நூறு ரூபாய் சொச்சம். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நம் ஊர் ஷேர் ஆட்டோ சட்டம்தான். நிரம்ப இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு நானூறு கிலோமீட்டர், வழி நெடுகச் சாலையோரம் ரோஜா நிறத்தில் காட்டுப்பூக்கள். ஆற்றுப் பாலத்தின் ஒரு முனையில் தென்னாப்பிரிக்கா, மறு முனையில் லெசோத்தோ. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஒரு நாட்டுக்குள் நுழைந்தோம். எனக்கு விமானத்தில் போனதைவிட அதுதான் பெருமையாக இருந்தது.

மஸேருவில் ஒரு இரவு தங்கினோம். அறைக்கு முந்நூற்றைம்பது மலோட்டி. மலோட்டியும் ராண்டும் ஒரே மதிப்பு, இரண்டுமே செல்லும். காலையில் நஸீமா அந்த ஊர்க் கம்பளி ஒன்று வாங்கினாள். அங்கே கம்பளி குளிருக்கு மட்டுமல்ல, அதுதான் உடுப்பு. அவள் போர்த்திய விதத்தைப் பார்த்த கடைக்காரப் பெண் ஓடி வந்து கழற்றித் திருப்பிப் போர்த்திவிட்டாள். கோடுகள் மேலிருந்து கீழாக வர வேண்டுமாம், படுக்கையாக வந்தால் வளர்ச்சி நின்றுவிடுமாம். தலையில் முக்காடு, தோளில் கம்பளி என்று நஸீமா அந்தத் தெருவோடு தெருவாகிவிட்டாள். நான்தான் அந்நியன்போலத் தெரிந்தேன்.

அங்கிருந்து ஸெமொன்காங் என்ற மலையூருக்கு நூற்றிருபது கிலோமீட்டர். வேனில் மூன்று மணி நேரம், ஆளுக்கு எழுபது மலோட்டி. முதல் மலையேற்றத்திலேயே எனக்குக் காது அடைத்தது. வயல், வரப்பு, வாய்க்கால் என்று தட்டையாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பள்ளத்தாக்குகளை எங்கே வைத்துப் பார்ப்பது என்றே தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் "இங்க பாரு, இங்க பாரு" என்று நான் நஸீமாவின் தோளை இடித்தேன். அவள் எப்போதோ பார்த்துவிட்டிருந்தாள். வேனில் ஏறுபவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் முகமன் சொல்கிறார்கள். ஆண் என்றால் ந்தாதே, பெண் என்றால் மே. அப்பா, அம்மா என்று அர்த்தம். பெயர் கேட்காமலே உறவு சொல்லிக் கூப்பிடுவது எங்களுக்குப் புதிதல்ல என்பதால் பத்து நிமிடத்தில் நாங்களும் ஆரம்பித்துவிட்டோம்.

ஸெமொன்காங்கில் எல்லோரும் குதிரையில்தான் போகிறார்கள். கடைக்கு, பள்ளிக்கு, மருத்துவமனைக்கு எல்லாமே குதிரை. நாங்களும் நாள் வாடகைக்கு இரண்டு எடுத்தோம். ஒன்றுக்கு முந்நூறு மலோட்டி, வழிகாட்டிக்குத் தனியாக இருநூறு. வழிகாட்டி தபிஸோ நன்றாக ஆங்கிலம் பேசுவார், சிரித்த முகம். நான் சைக்கிள் ஏறுவதுபோல் ஏறப்போய் மறுபக்கம் இறங்கிவிட்டேன். நஸீமா ஒரே முயற்சியில் ஏறி, முன்னால் போயும் விட்டாள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. ஹலால் கறி மலையில் கிடைக்காது என்று தெரிந்தே மீன் டின், ரொட்டி, அவித்த முட்டை எல்லாம் ஒரு பையில் வைத்திருந்தோம். அந்தப் பை விடுதிக் கட்டிலிலேயே கிடக்கிறது என்பது, மதியச் சாப்பாட்டுக்கு எதிர்மலையில் நின்று நஸீமா கேட்டபோதுதான் தெரிந்தது. பையை எடுத்து வைப்பது என் பொறுப்பு. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்போதுதான் அந்தக் கொடியைப் பார்த்தேன். மேட்டின் உச்சியில் வட்டமாக ஒரு கல் வீடு, கூரை வேய்ந்தது. அதன் முன்னால் ஒரு நீளக் கம்பு, உச்சியில் பச்சைக் கொடி. எங்கள் டெல்டாவில் பிறந்தவனுக்கு நட்டு வைத்த கம்பில் பச்சைக் கொடி என்றால் என்ன அர்த்தம்? தர்கா. கந்தூரி விழாவுக்கு ஏற்றும் கொடி. ஏழு கடல் தாண்டி இந்த மலையில் எந்த இறைநேசர், எந்த வலியுல்லாவோ அடங்கியிருக்கிறார், போனால் சோறும் கிடைக்கும் என்று எனக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது. தபிஸோ குதிரையின் சேணத்தை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் கேட்காமல் மேடேறி ஓடினேன்.

வாசலில் ஷூவைக் கழற்றினேன். கைக்குட்டையைத் தலையில் கட்டினேன். உரக்க ஸலாம் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் ஏந்தி, கண்ணை மூடி நின்றேன். கண் திறந்தபோது கம்பளி போர்த்திய ஒரு பெண் எதிரே நின்றிருந்தார். அந்தக் குளிரில் வெறுங்காலோடு, தலையில் கைக்குட்டையோடு, கை ஏந்தி நிற்கும் ஆளை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்து ஏந்திய கைகளில் இரண்டு முட்டைக்கோஸை வைத்தார்.

பின்னால் வந்த தபிஸோ சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. பச்சைக் கொடி என்றால் இங்கே காய்கறி விற்கிறோம் என்று அர்த்தமாம். சிவப்பு என்றால் கறி, வெள்ளை என்றால் வீட்டில் புளிக்க வைத்த சோள பீர். போர்டு எழுதுவதற்குப் பதில் கொடி. நஸீமா குதிரையிலிருந்து இறங்கி, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, கம்பளியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட. முட்டைக்கோஸோடு நின்ற எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண்ணும் சிரித்து, எங்களை உள்ளே உட்கார வைத்தார். மபுலெங் என்று பெயர். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களியும், பொடியாக அரிந்து வதக்கிய கீரையும் கொடுத்தார். கீரையை வதக்கியவர் அவருடைய கணவர் மொலெஃபி. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் ஊர் திரும்பியவர். அந்த மலையில் பாதி ஆண்கள் அப்படித்தானாம். அங்கேயும் வருடத்துக்கு ஒரு முறை பெட்டியோடு வருவார்கள், பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், பெட்டி காலியானதும் கிளம்புவார்கள். கேட்டபடியே நான் களியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

நஸீமா என் பக்கம் திரும்பினாள். "இவரு ஊரோட வந்த பிறகு அந்தம்மாவுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க."

அங்கே மொழி மூன்று கை மாறியது. நஸீமாவின் தமிழை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதைத் தபிஸோ அவர்கள் மொழியில் சொல்வார், பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும். ஆக, அந்தக் கேள்வியை நானே கேட்டேன். அதற்கு மபுலெங் சொன்னதை என் வாயாலேயே என் மனைவிக்குச் சொன்னேன்.

"முதல் வருஷம் ரொம்பத் தொந்தரவா இருந்துச்சாம். விருந்தாளி வந்துட்டுக் கிளம்பாம இருக்கிற மாதிரி இருந்துச்சாம். உப்பு எங்க இருக்குன்னு கேப்பாராம். உக்கார்றதுக்கு முன்னாடி அவங்க மூஞ்சியப் பாப்பாராம். எப்ப திரும்பிப் போவாருன்னு அவங்களே நாள் எண்ணினாங்களாம்."

இப்போது எப்படி என்று நஸீமா கேட்கச் சொன்னாள். மபுலெங் கணவரைக் காட்டி நீளமாக ஏதோ சொல்ல, மொலெஃபி தலையைக் குனிந்து சிரித்தார். இப்போது எதையும் கேட்பதில்லையாம், எல்லாவற்றையும் எடுத்து இடம் மாற்றி வைத்துவிடுகிறாராம், தினமும் தேட வேண்டியிருக்கிறதாம். சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். முட்டைக்கோஸுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் நஸீமா தன் குதிரையை என் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"எனக்கும் அப்படித்தான் மச்சான். நீங்க லீவுல வந்து பத்து நாள் ஆனா, எப்ப போவீங்கன்னு தோணும். போனதும் ஏன் போனீங்கன்னு தோணும். சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன்."

எனக்கு வலித்தது. பொய் சொல்லி மறைக்கப்போவதில்லை, நன்றாகவே வலித்தது. 

மறுநாள் காலை அருவி. மலெட்ஸுன்யானே என்று பெயர். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் விழுகிறது. ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர், நடந்தே போகலாம். நாங்கள் பார்த்த தண்ணீரெல்லாம் மதகு திறந்தால் மெல்ல வருவது, முறை வைத்துப் பாய்வது. இது யாரையும் கேட்காமல் விழுகிறது. கீழேயிருந்து புகைபோல நீர்த்தூள் எழுந்து வந்து எங்கள் முகத்தை நனைத்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போலக் கத்தினோம். இந்த ஒரு இடத்துக்காகவே அத்தனை வேனும் ஏறலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். லெசோத்தோ விசா தனி. நாங்கள் டில்லித் தூதரகத்துக்குப் பாஸ்போர்ட்டை அனுப்பி வாங்கினோம். அதைவிட முக்கியம், தென்னாப்பிரிக்க விசா பல முறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே போய்விட்டு வெளியே வர முடியாது. ஜோஹன்னஸ்பர்க்கில் வேன் பிடிக்கக் காலையிலேயே போய்விடுங்கள், இருட்டில் அந்தப் பகுதியில் நிற்காதீர்கள். மார்ச்சிலும் மலையில் இரவு நடுங்கும். மலையேறும் முன் மஸேருவில் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். கறி சாப்பிடாதவர்களுக்குக் களியும் கீரையும் எங்கேயும் கிடைக்கும், கொடியின் நிறம் பார்த்துப் போங்கள். தங்குவது, சாப்பாடு, குதிரை எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. விமான டிக்கெட்டைச் சொல்லவில்லை, பெரியத்தா இதைப் படிக்கக்கூடும்.

துபாயில் இறங்கினோம். எனக்கு வெளியே போகும் வழி, அவளுக்குத் திருச்சி விமானத்துக்கான வழி. ஒவ்வொரு முறையும் அவள் நின்று நான் போவேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் நின்றேன், அவள் போக வேண்டும். மபுலெங் வீட்டிலிருந்து திரும்பிய நாளிலிருந்து வாய்க்குள் வைத்திருந்ததை அங்கேதான் சொன்னேன். கையெழுத்துப் போடப் போவதில்லை, கணக்கு முடித்துக்கொண்டு இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன், முதல் வருடம் தொந்தரவாகத்தான் இருப்பேன், பொறுத்துக்கொள் என்றேன்.

நஸீமா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கம்பளியைத் தோளில் சரிசெய்தாள். நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வீட்டுக்கு ஒரு சாவிதான் மச்சான் இருக்கு. இன்னொண்ணு போடச் சொல்லிடுறேன்."

அந்த வீட்டைக் கட்டியது நான். அதன் சாவி ஒரு நாளும் என்னிடம் இருந்ததில்லை.