அஹ்ஸன் வரைந்த பிளான்

கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கல்முனைக்குடியில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நடந்தது இது. வேலி கண்ணுக்குத்தானே, காதுக்கா?

அப்ராஸுக்கு எதுவும் சட்டென்று உறைக்காது. ஸ்கூட்டர் களவு போன செய்தி வந்தபோதும் தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழும்பினார். றிஸ்னாவுக்கு இவர் இரண்டாவது மாப்பிள்ளை. முதல் மாப்பிள்ளை அஹ்ஸன், வீட்டுப் பிளான் வரைகிறவர், சுனாமியோடு போனார். அடக்க மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. அதே வளவில், பழைய அத்திவாரத்தின் மேலேயே வீட்டைத் திரும்பக் கட்டினார்கள்.

இப்போது அஹ்ஸனின் மகள் ஸம்றாவுக்குக் கலியாணம். நம் ஊரில் வீடு மகளுக்குப் போய்விடும். பெற்றவர்கள் மேல்மாடிக்கு ஏற வேண்டும். மாடிக்குத் தூண் போட, பழைய அத்திவாரம் எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வீடும் இல்லை, கலியாணமும் இல்லை. பிளான் ஒரு சீடியில் அஹ்ஸனின் உம்மா வீட்டில் தப்பிக் கிடந்தது. ஆனால் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில்தான் திறக்குமாம்.

பகல் லுஹர் தொழுதுவிட்டு அப்ராஸ் மடிக்கணினியில் உட்கார்ந்தார். அதற்குள்ளேயே பொய்யாக ஒரு பழைய கணினியை உண்டாக்கி, எக்ஸ்பியை ஏற்றினார். ஏறி முடிந்ததும் மூலையில் மணி 8.55 என்று நின்றது. திருத்தினார். திரும்பவும் 8.55. பழசுதானே என்று விட்டுவிட்டார்.

கடல் ஊருக்குள் வந்ததும் காலை அந்த நேரத்தில்தான்.

சீடியைப் போட்டார். அறை, குசினி, கிணறு, அத்திவாரக் கோடு... எல்லாம் சரி. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. முதலில் இல்லாதது.

அந்தச் சீடியில் புதிதாக எழுத முடியாது. அது அவருக்குத் தெரியும்.

மூன்றாம் முறை திறந்தார். பெட்டிக்கு அளவும் வந்திருந்தது. ஆறடி. இரண்டடி.

ஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். தூரத்து அலை மாதிரி. பொய்க் கணினிக்கு அவர் சத்தமே பொருத்தவில்லை.

றிஸ்னா பின்னால் நின்றாள்.

"இதென்ன?"

"தண்ணித் தொட்டியாக்கும்."

"எங்கட வளவுல ஏது தொட்டி?" திரைக்குக் குனிந்து, "வடக்குத் தெற்காக் கீறிக் கிடக்கு" என்றாள்.

அப்ராஸுக்கு அப்போதும் உறைக்கவில்லை. தொட்டிக்கு மேல் தூண் நிற்காதே என்று, மறுநாள் காரைதீவு மேசன் வேலப்போடியைக் கூப்பிட்டு அளந்து காட்டினார்.

நாலடியில் மண்வெட்டி நின்றது.

"தம்பி... இது தொட்டி இல்ல."

பொலிஸ் வந்தது. எலும்புச் சோதனையின் முடிவும் வந்தது. அஹ்ஸன்தான்.

வலப்பக்கம் சரிந்து, தலை வடக்கே, முகம் மேற்கே, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து.

அலை அப்படிக் கிடத்தாது.

அடக்கியது யார் என்று ஊர் முழுக்கக் கேட்டோம். ஒருவரும் இல்லை.

ஜனாஸா தொழுது அடக்கினார்கள். றிஸ்னா அழவில்லை. தூணைத் தள்ளிப் போட்டு மாடி எழும்பியது. ஸம்றாவின் கலியாணமும் நடந்தது.

பிறகுதான் பிரதி எடுக்க அப்ராஸ் சீடியைக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரப் பொடியன் போட்டுப் பார்த்தான். வேறொரு கணினியிலும் போட்டுப் பார்த்தான்.

"அப்ராஸ் நானா, இது வெறும் சீடி. இதுல ஒருக்காலும் ஒண்டும் எழுதல்ல."

"ஓம்" என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கேட்டார்.

அது குடிக்காமலே ஆறிக் கிடந்தது. வேலிக்கு மேலால் நானே பார்த்தேன்.