கோச் இல்லாத கல்லூரியின் மூன்று கோச்சுகள்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி புது முதல்வர் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் துபாய் பக்கத்து அஜ்மானில் அந்தச் சின்னக் கல்லூரியில் விசா வேலை பார்ப்பவன். பாஸ்போர்ட், மெடிக்கல், டைப்பிங் சென்டர், அவ்வளவுதான் என் உலகம். பந்து என்றாலே எரிச்சல். சின்ன வயதில் கீழக்கரையில் என் மூக்குக்கண்ணாடியை உடைத்தது ஒரு பந்து. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது. அணியை மூடிவிடலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறதாம். நூலகம் கணினிக்குப் போய்விட்டதால் நூலக உதவியாளர் வேலையும் இனிக் கிடையாதாம். எங்கள் கோச் இருப்பதோ நூலக உதவியாளர் விசாவில். மாதக் கடைசியில் அது முடிகிறது.

"கோச் என்று ஒரு வேலை இங்கே எப்போதாவது இருந்ததா? இருந்ததைக் காட்டுங்கள், நான் போராடிப் பார்க்கிறேன்" என்றார் அந்த அம்மா.

ஃபைலைத் திறந்தேன். இத்தனை வருடத்தில் மூன்று கோச்சுகள் வந்திருக்கிறார்கள். ஃபைலில் ஒருவர்கூட கோச் இல்லை. முதலில் வந்த குமரிக் கடற்கரைக்காரர் லேப் அசிஸ்டென்ட். அடுத்து வந்த மலப்புரத்துக்காரர் டிரைவர். இப்போதிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் நூலகம். எல்லாம் என் கைவரிசைதான். கோச் என்று விசா எடுக்க நிர்வாகத்திடம் புதுப் பணியிடம் கேட்க வேண்டும், அது இழுத்துக்கொண்டே போகும். காலியாகக் கிடக்கும் இடத்தில் ஆளைப் போட்டால் ஒரே வாரத்தில் கலாஸ், காரியம் முடிந்தது. அப்படிச் செய்துவிட்டு, நானொரு பெரிய கெட்டிக்காரன் என்று கேன்டீனில் பீற்றிக்கொண்டும் திரிந்தேன்.

அன்று மாலை யாழ்ப்பாணத்துக்காரர் என் மேசைக்கு வந்தார். என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார். முஸ்லிம் அண்ணன்மாரை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"நானா, என்ர விசாவை விடுங்கோ. பெடியளுக்கு வாற மாசம் மேட்ச் இருக்கு. அதுவரைக்கும் என்னை நிக்க விடுவினமோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒங்க வேலையே போவப் போவுது, நீங்க மேட்ச்சப் பத்திப் பேசுறிய!" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே மைதானத்துக்குப் போய்விட்டார். உண்மையில் கோபம் என்மேல்தான்.

பழைய படங்களாவது கிடைக்குமா என்று முதல் கோச்சுக்குப் போன் போட்டேன். குவைத்தில் ஃபர்வானியாவில் இருக்கிறார். கல்லூரிக்குப் பின்னால் இருந்த மணல்வெளியில் ஒரு மாதம் தானே குனிந்து கல் பொறுக்கி மைதானம் ஆக்கியவர் அவர். முதல் ஆட்டத்தில் எட்டு கோல் வாங்கித் தோற்ற பையன்களைத் துபாயில் தேராவுக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பதினொரு பேரும் கடேசி வரைக்கும் ஓடுனானுவல்லா" என்றார்.

"போட்டோ எத்தனை வேணும்னாலும் தாரேன் பாய்" என்றார் போனில். சும்மா இராமல், "அங்க எந்த டீமுக்கு கோச்சா இருக்கிய?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கோச்சா? நீரு குடுத்த சர்ட்டிபிகேட்ல லேப் அசிஸ்டென்ட்னுல்லா இருந்து. அதப் பாத்துட்டு எவன் கோச் வேல தருவான்? ஒரு ஸ்கூல் லேப்ல டெஸ்ட் ட்யூப் கழுவிட்டுக் கெடக்கேன் பாய்."

குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அலைச்சலை மிச்சம் பிடிக்க நான் தட்டிய ஒரு சொல் அந்த மனிதனின் பிழைப்பையே மாற்றிவிட்டிருக்கிறது. எனக்கு அது இத்தனை வருடமும் தெரியாது.

மறுநாள் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதினேன். கல் பொறுக்கியதை எழுதினேன். மலப்புரத்துக்காரர் பஸ் டேஷ்போர்டில் பிஸ்கட் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்துத் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுத்ததை எழுதினேன். யாழ்ப்பாணத்துக்காரர் வெயில் ஏறுமுன் காலை ஐந்து மணிக்கே பையன்களை அறை அறையாக எழுப்பி ஓடவிட்டதையும், அணி முதன்முதலாக அரையிறுதிக்குப் போனதையும் எழுதினேன். மூன்று பேருக்கும் விசாவில் வேறு வேலை போட்டது நான், தப்பு என்னுடையது என்பதை முதல் வரியிலேயே வைத்தேன்.

முதல்வர் இரண்டு முறை படித்தார். "இது உங்கள் கையெழுத்தோடுதான் நிர்வாகத்துக்குப் போகும், தெரியுமா?"

"போகட்டும் மேடம்" என்றேன்.

பத்து நாள் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் பதில் வந்தது. அணி இருக்கட்டும். கோச் என்று ஒரு பணியிடம் அனுமதிக்கப்பட்டது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். நியாயம்தான், வாங்கி ஃபைலில் போட்டுக்கொண்டேன்.

புது அடையாள அட்டை வந்ததும் யாழ்ப்பாணத்துக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் கால்பந்துப் பயிற்சியாளர் என்றிருந்தது. விரலால் ஒருமுறை தடவினார்.

"ஐயோ நானா, இனிப் புத்தகம் திருப்பித் தராதவையை ஆர் பிடிக்கிறது?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அன்றே பழைய கோச்சுகள் இருவருக்கும் முதல்வரிடம் புது அனுபவச் சான்றிதழ் வாங்கி அனுப்பினேன். மலப்புரத்துக்காரர் உடனே போன் செய்து நன்றி சொன்னார். ஃபர்வானியாவிலிருந்து மூச்சே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் போயிற்று. கோபித்துக்கொண்டாரோ, இத்தனை காலம் கழித்து இது எதற்கு என்று நினைத்தாரோ என்று தவித்துப்போனேன்.

ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. அலுவலகத்தில் எல்லோர் நடுவிலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். நீளமாக ஒரு விசில். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். அதற்கும் மேலே அவர் குரல்: "லேய், பாஸ் குடுலே! பாஸ் குடு!"

எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் மறுபடியும் போட்டேன்.