சும்மா கிடக்கிற மோட்டார்

கேளம்பாக்கம் ஃபிளாட்டில், நான் தொடாத நேரமெல்லாம் என் கம்ப்யூட்டர் இணையம் வழியே வானியல் ஆராய்ச்சிக்கு இலவசமாக உழைக்கிறது. விண்வெளியிலிருந்து வந்த ரேடியோ அலைகளில் ஏதாவது நட்சத்திரத்தின் துடிப்பு இருக்கிறதா என்று தேடுகிறது. தானம் கொடுத்தவன் நிம்மதியாக இருக்க வேண்டும். நானோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன்.

இன்று அதன் விசிறி உறுமியதும் சின்ன வயதில் எங்கள் ஊர் படாளத்தில் ஓடிய பம்ப்செட் காதில் கேட்டது.

“நம்ம மோட்டாரு சும்மாதானே கீது” என்று அம்மா, பக்கத்துக் கொல்லை தேவகி அத்தையின் வேர்க்கடலைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். அன்று நனையாவிட்டால் செடி கருகிவிடும். கரண்ட் போவதற்குள் கடைசிப் பாத்திக்கு எட்டுமா என்று நான் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தேன்.

“தண்ணி வந்தா அவளே கொரல் குடுப்பா. நீ இன்னாத்துக்குடா குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திகினு கீற?”

ஒருவழியாக தூரத்தில் அத்தை கத்தினாள்: “வந்துடுச்சி அண்ணி!”

அம்மா மோட்டாரை நிறுத்தினாள். அப்போதுதான் எனக்குப் பசித்தது.

இப்போது கம்ப்யூட்டர் திரை, தேடலில் ஒரு பகுதியை முடித்து அனுப்பியாயிற்று என்கிறது. அது யாருக்காவது உதவியதா என்று மட்டும் சொல்வதில்லை.

“சாப்பாடு ஆறுது, வாங்க” என்கிறாள் மனைவி.

எனக்கு இன்னும் பசிக்கவில்லை.