சவுரியம்மாள் பங்களாவுக்கு இலையில் கொண்டுபோனது

ஆம்பூர் மாதாகோயில் தெரு சவுரியம்மாள் இருபத்திரண்டு வருஷம் நாய்ப்பீ பொறுக்கிப் பிழைத்தாள். மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் முதலில் காலில் இருக்கும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிடித்துக்கொள்ளட்டும். அந்தக் காலத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி முடி கழிந்த ஆட்டுத்தோல் விறைத்துக்கொண்டு கிடக்கும். நாய்ப்பீ கரைத்த தண்ணீரில் ஒரு நாள் கிடந்தால்தான் சுண்ணாம்பு விட்டுப்போய் மெத்தென்று ஆகும். அதற்குப் பிறகுதான் ஆவாரம்பட்டைத் தொட்டி. சீமைக்குக் கப்பலேறிப்போய்த் துரைசானிகளின் கைகளில் உறையாக மாட்டிக்கொண்ட தோல்களும் இந்த வழியாகத்தான் போயின. தோல் பதனிடும் டேனரியில் இதற்குச் சரக்கு என்று மரியாதையான பெயர் உண்டு. வெளியே இருந்தவர்கள்தான் சவுரியம்மாள் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள். போகட்டும், அவளும் அவர்களை ஒன்றும் பெரிதாக மதித்துவிடவில்லை.

டேனரி மேஸ்திரி ஆபித் பாஷா எல்லாச் சரக்கையும் எடுக்கமாட்டார். சோறு தின்கிற தெருநாயின் சரக்கு கருத்துக் கொழகொழவென்று இருக்கும். அதைக் கரைத்தால் தோலில் புள்ளி விழும். எலும்பு கடிக்கிற நாயின் சரக்குத்தான் காய்ந்து வெளுத்து, கையில் எடுத்தால் சுண்ணாம்புக் கட்டி போல உதிரும். இருபத்திரண்டு வருஷத்தில் சவுரியம்மாளுக்கு ஒரு குச்சியால் கிண்டிப் பார்த்தாலே போதும், எந்த நாய் எந்த வீட்டில் எதைத் தின்றது என்று சொல்லிவிடுவாள். ஊரில் யார் வீட்டில் கறிச்சோறு, யார் வீட்டில் வெறும் கூழ், யார் கறி என்று பீற்றிக்கொண்டு கூழ் குடிக்கிறார்கள் என்பதெல்லாம் பாதிரியாரைவிட அவளுக்கு அதிகம் தெரியும்.

அவளுடைய பிழைப்பில் பாதி துரை பங்களாவில் இருந்தது. சென்னைக் கம்பெனிக்குத் தோல் வாங்க வந்த துரை, பாலாற்றங்கரையில் பங்களா எடுத்து நான்கு வேட்டைநாய்கள் வளர்த்தான். நான்கும் மாட்டெலும்பு கடிப்பவை. விடிந்ததும் உள்ளே போய்த் தோட்டத்தைச் சுற்றி வந்தால் அரைக்கூடை முதல்தரச் சரக்கு. மழைக்காலத்தில் தெருச்சரக்கெல்லாம் கரைந்து போனாலும் பங்களா அவளைக் கைவிட்டதில்லை. சுண்ணாம்பில் கை வெந்துபோய் வீட்டோடு கிடக்கும் புருஷனுக்கும் அவளுக்கும் அதுதான் அடுப்பு எரிய வழி.

அந்தப் பங்களாவின் பட்லர் ஆரோக்கியசாமி அவளுடைய சித்தி மகன். இப்படிச் சொன்னால் அவனுக்குப் பிடிக்காது. மாதாகோயில் தெருவில் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்தபோது அக்கா அக்கா என்று அவள் பின்னால் சுற்றியவன்தான். வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் தலைப்பாகையும் வந்ததும் உறவு மறந்துபோயிற்று. தோட்டத்தில் அவளைக் கண்டால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இந்தா பாரும்மா, அந்தாண்டை போ" என்பான். பிறக்கும்போதே கைக்குட்டையோடு பிறந்தவன் போல.

இப்படி இருக்கையில் துரைசானிக்குச் சீமையிலிருந்து ஒரு குட்டி வந்தது. காது தொங்கும் சிறு ஜாதி. பிக்ஸி என்று பெயர். துரைசானி அதை மடியில் வைத்துக்கொள்வாள், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவாள், அதுவும் அவள் வாயை நக்கும். ஒரு நாள் காலையில் இந்தக் கொஞ்சலை முடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடிய பிக்ஸி, வேட்டைநாய் போட்டு வைத்திருந்ததை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைத் துரைசானி தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். அன்று முழுக்க அவள் வாயைக் கழுவியதில் கிணற்றுத் தண்ணீரே குறைந்துபோனதாகத் தோட்டக்காரன் சுப்பராயன் சொன்னான். சாயங்காலம் பட்லரைக் கூப்பிட்டு, எட்டு நாளைக்குள் இந்தப் பழக்கம் நிற்கவேண்டும், நிற்காவிட்டால் நீ நின்றுகொள் என்று சொல்லிவிட்டாள்.

ஆரோக்கியசாமி தன் மூளையை முழுவதும் செலவழித்தான். செலவழிக்க அதிகம் இல்லை. முதலில் தோட்டத்தில் கிடந்ததன்மேல் எல்லாம் மிளகாய்த்தூள் தூவினான். குட்டி தும்மிக்கொண்டே தின்றது. வேப்பெண்ணெய் ஊற்றினான். அதையும் நக்கிவிட்டு அவன் முகத்தையே பார்த்தது. கம்பி வலையில் வாய்ப்பூட்டு போட்டான். வலையை அழுத்தி, பிதுங்கி வந்ததைத் தின்றது. பிறகு பிரம்பை எடுத்தான். அடி வாங்கிய குட்டி ஒன்றே ஒன்று கற்றுக்கொண்டது: ஆள் வருவதற்குள் அவசரமாக விழுங்கிவிட வேண்டும். ஐந்து நாளில் அது வேட்டைநாய்களின் வாலுக்குப் பின்னாலேயே காத்து நிற்க ஆரம்பித்துவிட்டது.

வேலை போகிற பயத்தில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. துரைசானியிடம் போய், டேனரிப் பொம்பளை ஒருத்தி தினமும் வந்து இதைக் கையால் பொறுக்குகிறாள், அதைப் பார்த்துத்தான் குட்டி கற்றுக்கொண்டது, அவள் வராமல் இருந்தால் சரியாகிவிடும் என்று சொன்னான். துரைசானியும் நம்பினாள். மறுநாள் விடியலில் சவுரியம்மாள் கூடையோடு வந்தபோது, கேட்டில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த சுப்பராயன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு என்றான். பட்லர் தாழ்வாரத்தில் நின்று பொத்தானைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் அன்று தெருச்சரக்கோடு டேனரிக்குப் போனாள். ஆபித் பாஷா கூடையைக் கிண்டிப் பார்த்துவிட்டுப் பாதியை ஓரமாகத் தள்ளினார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் தரம்தான் கொண்டுவருவாய் என்றால் பேரணாம்பட்டிலிருந்து வேறு ஆள் வருவதாகச் சொல்கிறார்கள் என்று அவர் மரியாதையாகவே சொன்னார். பங்களா கேட் திறக்காவிட்டால் இருபத்திரண்டு வருஷப் பிழைப்பு இந்த வாரத்தோடு சரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தன்னைப் பார்த்துக் குட்டி கற்றுக்கொண்டதாமே! அவள் என்ன, பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டா இருந்தாள்?

ஆத்திரம் தணிந்தபோது யோசித்தாள். தடை போடுவதற்கு முன்பே அந்தக் குட்டியின் சரக்கைப் பார்த்திருக்கிறாள். கேழ்வரகு உமி தெரிந்தது. சீமைக் குட்டிக்கு எதற்குக் கேழ்வரகு? தினம் அரை சேர் ஆட்டுக்கறி குட்டிக்கு என்று கசாப்புக்கடையிலிருந்து போவது ஊருக்கே தெரியும். மறுநாள் வேலி ஓரமாகப் போய் சுப்பராயனிடம், குட்டி போட்டதில் ஒன்றையும் வேட்டைநாய் போட்டதில் ஒன்றையும் தனித்தனி வாழையிலையில் எடுத்துக்கொடு என்றாள். பட்லரிடம் அவனும் நிறைய ஏச்சு வாங்கியவன்தான். எடுத்துக்கொடுத்ததோடு நிற்காமல் கேட்டையும் திறந்துவிட்டு, நான் அந்தப் பக்கம் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று போய்விட்டான்.

துரையும் துரைசானியும் தாழ்வாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சவுரியம்மாள் நேரே போய்ப் படிக்குக் கீழே இரண்டு இலைகளையும் வைத்து உட்கார்ந்தாள். பட்லர் கைக்குட்டையோடு ஓடிவந்தான். குட்டிக்குக் கறி போடவில்லை, அதுதான் கறி தின்ற நாய் கழித்ததைத் தேடிப் போகிறது என்று துரையிடம் சொல்லு என்றாள் அவள். ஆரோக்கியசாமி துரைசானி பக்கம் திரும்பி உருக்கமாக என்னவோ இங்கிலீஷில் பேசினான். துரைசானி இரக்கத்தோடு தலையாட்டிவிட்டு ஒரு காலணாவை எடுத்துப் போட்டாள்.

காலணாவைப் பார்த்ததும் சவுரியம்மாளுக்கு அவன் மொழிபெயர்த்த லட்சணம் புரிந்துபோயிற்று. அதைத் தொடவில்லை. இனிமேல் பேசிப் பிரயோஜனமில்லை என்று குச்சியை எடுத்து முதலில் வேட்டைநாயினுடையதை உடைத்தாள். வெள்ளையாக உதிர்ந்தது. பிறகு குட்டியினுடையதை உடைத்தாள். உள்ளே சிவப்பாகக் கேழ்வரகு உமி.

துரைசானி கண்ணை மூடிக்கொண்டாள். துரை மூடவில்லை. அவன் தோல்காரன், சீமையில் அவன் அப்பனும் இதே தொட்டியைக் கிண்டியவன். கோப்பையை வைத்துவிட்டுப் படியிறங்கி வந்து அவளுக்கு எதிரே குந்தினான். வெள்ளையை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தான். மற்றதையும் எடுத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனான். அவளும் அவனும் ஒரே மாதிரி தலையசைத்துக்கொண்டார்கள். தாழ்வாரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவன் பட்லர் ஒருவன்தான்.

குட்டிக்கு என்ன போடுகிறாய் என்று துரை கேட்டான். மட்டன், சார் என்றான் ஆரோக்கியசாமி. துரை கையைக்கூடக் கழுவாமல் சமையலறைக்குப் போனான். அடுப்பில் ஒரு ஆள் சாப்பாட்டுக்கு அளவாகக் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கீழே குட்டியின் பீங்கான் தட்டில் கேழ்வரகுக் களி காய்ந்து கிடந்தது. துரையும் துரைசானியும் மத்தியானம் கோழி சாப்பிடுகிறவர்கள். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைக்குக் கூழை ஊற்றிவிட்டு, ஒரு நாய்க்குட்டியின் கறியை மாதக்கணக்காகத் தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறான் இந்தப் பெரிய மனுஷன்.

வெளியே வந்த துரை சத்தம் போடவில்லை. பட்லரைக் கூட்டிவந்து அவளுக்கு எதிரே நிறுத்தினான். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது என்று கேள் என்றான். கறி போடுங்கள், அடிக்காதீர்கள், வேட்டைநாய் உட்கார்ந்து எழுந்தால் குட்டி திரும்பிப் பார்ப்பதற்குள் வாரிவிடுங்கள், குட்டி போட்டதையும் அப்படியே உடனே எடுத்துவிடுங்கள், இரண்டு மாதத்தில் மறந்துவிடும் என்றாள். வெளுத்ததைத் தனக்குக் கொடுத்துவிட வேண்டும், கேட் திறந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். துரை எல்லாவற்றுக்கும் சரி என்றான். பிறகு பட்லரைக் காட்டி இன்னும் ஏதோ கேட்டான். ஆரோக்கியசாமி கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தான். துரை இன்னொரு தரம் சொன்னான்.

"துரை கேக்கறார்," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "என்னை வேலைய வுட்டு அனுப்பிடட்டுமான்னு உன்னைக் கேக்கச் சொல்றார்."

சவுரியம்மாள் அவனை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். தலைப்பாகை, பொத்தான், கைக்குட்டை.

"வேணாம்னு சொல்லு," என்றாள். "அந்த நாய்ங்க பின்னாடியே குனிஞ்சி குனிஞ்சிப் போயி அள்றதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல? கறி துன்னு ஒடம்ப நல்லாத்தான் வச்சிருக்கே. சொல்லு, துரை காத்துக்கினு இருக்கார் பாரு."

அவன் சொன்னான். இந்தத் தடவை சரியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். துரைசானி எழுந்துபோய், சாம்பல் அள்ளும் தகரத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.