அன்பழகனின் மறதி

மூலக்குளத்தில் அன்பழகனிடம் வண்டியை விட்டு எடுத்தவர்கள், அது எந்தப் பக்கம் அடிபட்டது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அப்படி ஒரு கை. வில்லியனூருக்கு மேற்கே நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவன். அண்ணன்மார் நிலத்தோடு நின்றுவிட, இவன் பக்கத்து மேட்டுப்பாளையத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் டிங்கர் வேலைக்குச் சுத்தியலைப் பிடித்தான். நசுங்கிய தகரத்தை முதலில் உள்ளங்கையால் தடவுவான். பிறகு குந்தி உட்கார்ந்து இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் ஓரமாகப் பார்ப்பான். வெளிச்சம் எங்கே நெளிகிறதோ அங்கே பள்ளம் என்று அர்த்தம். மற்றவர்கள் பட்டி பூசி மறைக்கிற இடத்தை அவன் தட்டியே எடுத்துவிடுவான்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒயரிங் வேலை பார்த்த ஹாஜாதான் அவனுக்கு உயிர்த்தோழன். ஏர்பேக் வைத்த கார்கள் ஊருக்குள் வரத் தொடங்கியபோது ஹாஜா அவனை இழுத்துப்போய் ஸ்டீயரிங்கைக் காட்டினான்.

"பாத்துக்க. தலகாணின்னு நெனைக்காத, உள்ள குந்திக்கினு இருக்கறது வெடி. முன்பக்கம் கைய வெக்கறதுக்கு முன்ன பேட்டரிய கழட்டு. கழட்டினதும் நேரா போயி டீ குடி. கழட்டின உடனே அதுக்கு உசுரு போவாது, கொஞ்ச நேரம் நிக்கும். டீ குடிச்சிட்டு வந்து வேலைய ஆரம்பி."

"எனக்கு டீ ஒத்துக்காதே பாய்."

"மோரு குடி. இல்லன்னா நான் வந்து உனக்குப் பாலு ஊத்தணும். பாய் ஊத்தினா உங்காளுங்க ஒத்துக்குவாங்களோ என்னவோ."

அன்று சிரித்தாலும், அதன்பின் அன்பழகன் அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. ஒர்க்‌ஷாப்பை விட்டு வந்து, வீட்டு வாசலில் சிமென்ட் ஷீட் போட்டுத் தனியாகத் தொழில் செய்தபோதும், அடிபட்ட கார் வந்தால் முதல் வேலை பேட்டரியை இறக்குவதுதான்.

அவன் மனைவி சுமலதா சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். கலியாணமாகிப் பல வருஷம் பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் கலைந்துபோனது. 2006ஆம் வருஷம் ஆடி மாதம் அவளுக்கு ஏழாவது மாதம் நடந்தது. வீட்டில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தால்கூட இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிற காலம் அது.

அந்த ஆடியில்தான் பலராமனின் கார் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் அவருக்கு முசே என்றுதான் பேர். பழைய ஜப்பான் கார். கனகசெட்டிக்குளத்துப் பக்கம் மீன் கூடையோடு ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணியை இடித்து, மெதுவாகப் போய் மதகுக் கட்டையில் மூக்கை வைத்து நின்றிருந்தது. பெண்மணி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள். கார் மெல்ல மோதியதால் ஏர்பேக் விரியவில்லை. போலீஸ் விட்டதும், நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிறுத்த முசேவுக்கு மனமில்லை. "உன் வீட்டு வாசல்லயே வெச்சு முடிச்சுடுப்பா" என்றார்.

அன்பழகன் காலையிலேயே பேட்டரியை இறக்கிப் படியோரம் வைத்தான். மோர் குடித்தான். பம்பரைக் கழற்றினான். அதன் பின்னாலிருந்த இரும்புச் சட்டம் உள்வாங்கியிருந்தது. மோதலை ஏர்பேக்குக்குச் சொல்கிற சின்னப் பெட்டி, நசுங்கிய ஒயரோடு அந்த இரும்பில் பாதி கழன்று தொங்கியது.

ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்த சுமலதா, எதிர்வீட்டு வீராயி சொல்லித்தான் அது எந்தக் கார் என்று தெரிந்துகொண்டாள். ரோட்டைத் தாண்டி வரவே இல்லை. வீராயி வீட்டு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள். அன்பழகன் போய்க் கூப்பிட்டான்.

"உள்ள வா, சாப்புடு."

"ஏங்க, உசுரு குடிச்ச வண்டிங்க அது. இத வவுத்துல வெச்சிக்கினு அதத் தாண்டி நான் வர மாட்டேன்."

"வெறும் தகரம்மா. தகரத்துக்கு இன்னா தெரியும்?"

"தகரத்துக்குத் தெரியாது. அந்தம்மாவுக்குத் தெரியும்ல?"

அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். ஆள் விழுந்த வண்டி வேலைக்கு வந்தால், பூசணிக்காய் உடைத்து மூன்று முறை ஹாரன் அடிப்பது அவர் வழக்கம். செத்தவர்கள் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு இறங்கிப் போவார்களாம். அதைச் செய்தால்தான் வருவேன் என்றாள். பசியில் அவள் உதடு வெளுத்திருந்தது.

அன்பழகன் யோசித்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஏர்பேக்குக்குப் போகிற ஒயரின் மஞ்சள் சொருகல் உண்டு. அதைப் பிடுங்கிவிட்டால் பேட்டரியை மாட்டினாலும் பயமில்லை. ஆனால் அதற்கு உறையைக் கழற்ற வேண்டும்; ராகுகாலம் வந்துவிடும் என்று அவள் பறந்தாள். ஒரு ஹாரன்தானே, அடித்த கையோடு கழற்றிவிடலாம் என்று, பூசணிக்காய்க்காக அவள் வீராயி வீட்டுக்குள் போயிருந்த நேரம் பேட்டரியைத் தூக்கி மாட்டினான்.

பிள்ளைத்தாச்சி புருஷன் பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்பதால், வீராயியின் புருஷன் கொளஞ்சி வந்து உடைத்தான். கொத்து வேலைக்காரன். அன்பழகன் சாவியைத் திருப்பி, வெளியில் நின்றபடியே கதவு வழியாக உடம்பை உள்ளே வளைத்து ஸ்டீயரிங்கை அழுத்தினான். ஹாரன் வாய் திறக்கவில்லை.

"கொளஞ்சி, முன்னால ஒயரு கழண்டிருக்கா பாரு."

"எந்த ஒயருப்பா? கொடல் மாதிரி தொங்குது எல்லாம்."

ஹாரன் எது என்று கொளஞ்சிக்குத் தெரியவில்லை. கையில் கிடைத்த சுத்தியலால் அந்தப் பெட்டி தொங்கிய இரும்பில் ஒரு தட்டுத் தட்டினான்.

ஏர்பேக் வெடித்த சத்தத்தில் தெருவில் நாய்கள் ஓடின. வெள்ளைப் புகையும் மாவு போன்ற தூளும் கதவு வழியாக வந்தன. அன்பழகன் மண்ணில் மல்லாந்து கிடந்தான். நசுங்கிய ஒயரா, சுத்தியல் தட்டா, எது காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பேட்டரி படியோரத்திலேயே இருந்திருந்தால் இரண்டும் ஒன்றும் செய்திருக்காது. அது அவன் ஒருவனுக்குத் தெரியும்.

வலது கண் போய்விட்டது. வலது காதும் அடைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் சுமலதா அவன் கட்டிலை விட்டு நகரவில்லை. வந்தவர்களிடம் எல்லாம் அடித்துப் பேசினாள். "ஊரு ஆயிரம் சொல்லும். எங்க வூட்டுக்காரரு கவனம் தப்பறவரு இல்ல. அந்த மீன்காரம்மா எறங்கறப்ப ஒரு அறை வுட்டுட்டுப் போயிருக்கு. ஹாரன் அடிக்காம இருந்திருந்தா அந்த அறை என் வவுத்துல வுழுந்திருக்கும்." சொல்லிவிட்டு அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொள்வாள். அன்பழகன் மறுக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் கலைந்ததற்கே தன்னைத் திட்டிக்கொண்டு கிடந்தவள். புருஷனின் கண்ணும் தன்னால்தான் போயிற்று என்று தெரிந்தால் இந்த மூன்றாவது தங்குமா? அந்தப் பயம்தான் அவனுக்கு. அவள் மீன்காரம்மாவையே நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டான்.

மறுவாரம் ஹாஜா வந்தான். நின்றவாக்கிலேயே கேட்டான்.

"டேய் அன்பு, பேட்டரிய கழட்டலியாடா நீ?"

"கழட்டித்தான் வெச்சிருந்தாரு பாய் அண்ணே" என்று சுமலதா முந்திக்கொண்டாள். "படியோரமா இருந்துதே, ரோட்டுலேருந்து நானே பாத்தேன்."

"கழட்டினது எப்பிடிம்மா வெடிக்கும்?"

"ஹாரன் அடிச்சாருல்ல, அப்பத்தான். நான்தான் அடிக்கச் சொன்னேன்."

ஹாஜாவின் வாய் திறந்தது. ஹாரனுக்காகத்தான் பேட்டரி மறுபடி ஏறியது என்று இன்னும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அன்பழகன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"படியில இருந்தது வேற வண்டி பேட்டரி. இதுல இருந்தத நான் கழட்டவே இல்ல பாய். மறந்துட்டேன்."

ஹாஜா அவனையே பார்த்தான். அந்த ஒற்றைக் கண் என்ன கேட்கிறது என்பது புரிய அவனுக்கு நேரமாகவில்லை. சுமலதாவின் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தத் தொடங்கினான். "எருமை. எத்தினி வாட்டி சொன்னேன்? நீ எல்லாம் டிங்கருன்னு வெளிய சொல்லிக்காத." கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினான்.

சுமலதா தன் வயிற்றின் மேல் இருந்த அன்பழகனின் கையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"நீ மறந்துட்டியா?" என்றாள் கடைசியில். இத்தனை வருஷத்தில் அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. "ஊரெல்லாம் சொல்லிச்சு. நான் ஒருத்திதான் இல்லன்னு சண்ட போட்டுக்கினு இருந்தேன்."

புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. குறையொன்றும் இல்லை. அமுதவல்லி என்று பேர் வைத்தார்கள். அன்பழகனுக்குத் தொழில் கிட்டத்தட்ட நின்றுபோனது. கண் போனது பாதிக் காரணம். மறதிக்காரன் என்கிற பேர் மீதிப் பாதி. முசேவின் காரை வேறு யாரோ முடித்துக் கொடுத்தார்கள். ஹாஜா வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் அடிக்கிற வண்டிகளுக்குக் காகிதம் ஒட்டுகிற வேலை அவ்வப்போது கிடைத்தது.

உண்மையைச் சொல்லிவிடச் சொல்லி ஹாஜா ஒருமுறை கேட்டான். "புள்ளதான் பொறந்துடுச்சே, இன்னும் இன்னாடா?"

"பால் குடுக்கறா பாய். அழுதா பால் நின்னுடும்" என்றான் அன்பழகன். பால் மறக்கடித்த பிறகு வேறு காரணம் சொன்னான்.

பிள்ளை தவழத் தொடங்கியதும் சுமலதா மறுபடி கம்பெனிக்குப் போனாள். வேலையில்லாத நாட்களில் அன்பழகன் வீட்டில்தான் இருந்தான். "நான் பாத்துக்கறேன், வுட்டுட்டுப் போ" என்று முதல் நாளே சொன்னான். அவள் அடுப்பைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"வாணாம். வீராயி அக்கா வூட்டுல வுட்டுட்டுப் போறேன்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். அன்பழகன் வாசலில் குந்தியிருந்தான். எதிர்வீட்டுச் சுவர் ஓரமாக அமுதவல்லி தவழ்ந்து வருவதும் போவதும் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. மாலை ஷிப்ட் விடும்வரை அவன் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.