இன்னொரு சிவப்பு ஒயர்

ஒரு மனிதன் எங்கே இருக்கிறான்? உடல் இருக்கும் இடத்திலா, பயம் இருக்கும் இடத்திலா? இந்த லிப்ட் மெக்கானிக்கின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.

பத்தொன்பது வருடமாக அவர் வேலை செய்வது மொட்டைமாடிகளின் மேல் இருக்கும் சின்ன மோட்டார் அறைகளில். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சிவப்பு ஒயர் வைத்திருப்பார். முழ நீளம், இரு முனையிலும் கிளிப். எந்த மாடியிலாவது கதவு சரியாக மூடவில்லை என்றால் லிப்ட் நகராது. பழுது பார்க்கும்போது மட்டும், கதவு மூடியிருப்பதாக மெஷினை நம்பவைக்க இந்த ஒயரை அந்த அறையின் மின் போர்டில் மாட்டுவார்கள். அது ஒரு பொய்தான். வேலை முடிந்ததும் பொய்யைக் கழற்றி, பையில் இரண்டும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, முதல்முறையாகக் குடும்பத்தோடு மலைக்குப் புறப்பட்டார். வெள்ளிக்கிழமை கடைசி வேலை ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தில், நாலாம் மாடிக் கதவு. மனைவி மூன்று முறை போன் செய்துவிட்டார். வாட்ச்மேன் மேஜையில் இருந்த லிப்ட் ரிஜிஸ்டரில் ‘சரிபார்த்தாச்சு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேராக பஸ் நிலையத்துக்கு ஓடினார்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. லாட்ஜ் ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி. மகள் கண்ணாடியில் விரலால் யானை வரைந்துகொண்டிருந்தாள். குளிப்பதற்காகச் சட்டையைக் கழற்றியவர் பையைத் தொட்டார். ஒரே ஓர் ஒயர்.

பெட்டியைக் கவிழ்த்தார். கம்பளியை உதறினார்.

“என்னங்க தேடுறீங்க?”

“ஒயர்.”

“இங்க வந்துமா? பேசாம அந்த லிப்டையே கழட்டிக் கையோட கொண்டு வந்திருக்கலாமே!”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாலாம் மாடியில் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா தனியாக இருக்கிறார். கண் தெரியாது. அந்த லிப்ட் பழைய ரகம். கதவைக் கையால் இழுக்க வேண்டும். லிப்ட் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். அதை நம்பித்தான் அந்த அம்மா காலை வைக்கிறார். ஒயர் அங்கேயே மாட்டியிருந்தால், யாரோ ஒருவர் கதவைச் சரியாக அழுத்தாமல் போனாலும் லிப்ட் கிளம்பிவிடும். அப்புறம் இழுத்தால் கதவு திறக்கும். உள்ளே லிப்ட் இருக்காது.

சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மா பாட்டு வகுப்புக்குக் கிளம்புவார்.

“இங்க டவர் எடுக்காது சார்,” என்றார் லாட்ஜ் மேனேஜர். “தண்ணித் தொட்டி வளைவுக்குப் போங்க. ஒரு புள்ளி வரும். உங்க அதிர்ஷ்டம் நல்லா இருந்தா ரெண்டு.”

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆபீஸ் விடுமுறை. கட்டடத்து வாட்ச்மேன் எடுக்கவில்லை. கூட வேலை செய்யும் நெட்டைக்கு நாலாவது தடவையில் லைன் கிடைத்தது.

“என்ன மச்சான், மேகத்துக்குள்ள இருந்து பேசுறியா? விட்டு விட்டுக் கேக்குது.”

“நெட்டை, அந்த அஞ்சு மாடிக் கட்டடம். நாலாம் மாடிக் கதவுக்கு ஒயர் போட்டேன். எடுத்தேனான்னு தெரியல. பையில ஒண்ணுதான் இருக்கு.”

நெட்டையின் சிரிப்பு நின்றது. “அந்த டெலிபோன் அம்மா மாடியா?”

“பத்து மணிக்குக் கிளம்பிடுவாங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணு. அப்புறமா என்னைத் திட்டு.”

“வண்டிச் சாவியை எடுத்துட்டேன். வை.”

மணி ஒன்பது இருபது. அந்த வளைவை விட்டு நகர முடியாது. பனி விலகி, சுற்றிலும் ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் அவர் கையில் கேமராவைக் கொடுத்தது. “சார், பின்னாடி பள்ளம் முழுசா விழணும்.” கேமரா வழியாகத்தான் அந்தப் பள்ளத்தை முதன்முதலாகப் பார்த்தார். எடுத்த மூன்று படத்திலும் பள்ளம் மட்டுமே விழுந்தது, குடும்பம் இல்லை.

பத்து இருபத்தைந்துக்குப் போன் அடித்தது.

“ஆஃப் பண்ணிக் கழட்டிட்டேன். போர்டுலதான் தொங்கிட்டு இருந்துச்சு.”

“அவங்க?”

“நான் வர்றதுக்குள்ள இறங்கிப் போயிட்டாங்க. லிப்ட்லதான். நேத்து சாயங்காலமும் போய்ட்டு வந்திருக்காங்க. ஒண்ணும் ஆகல. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ரிஜிஸ்டர்ல நீ எழுதினது அப்படியே இருக்கட்டும். போய்க் குதிரை ஏறு.”

அவர் இல்லாமலே மகளோடு குதிரை சவாரி முடித்து, மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். மகளுக்குக் கோபமில்லை. “அப்பா, குதிரை பாதி வழியில அப்படியே நின்னுடுச்சு. நீ இருந்திருந்தா ரிப்பேர் பண்ணியிருப்ப.”

மீதி இரண்டு நாளும் அவர் எல்லா இடத்துக்கும் போனார். எல்லாப் படத்திலும் கை சட்டைப் பையின் மேலேயே இருக்கிறது.

ஒன்றும் ஆகவில்லை என்பது செய்தி மட்டும்தான். அது ஆறுதல் ஆவதற்கு இன்னும் ஏதோ வேண்டும்போலிருக்கிறது. நெட்டை சொன்னபடி வாயை மூடிக்கொள்ளலாம். அல்லது ஆபீசில் சொல்லி வேலையை இழக்கலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. அவர் செய்தது இரண்டுமில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடிக்குப் படியேறிப் போனார். அந்த அம்மாவிடம் ஒயர், கதவு, எத்தனை மணி நேரம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் கடைசிவரை கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?”

“ஆகலம்மா.”

“அப்ப ஏன் வந்து சொன்ன? இத்தனை நாள் கதவு திறந்தா காலை வைப்பேன். இனி ஒவ்வொரு தடவையும் நின்னு யோசிக்கணுமே.”

பிற்பாடு இதைக் கேட்ட நெட்டை கத்தினான்: “அவங்க நிம்மதியையும் கெடுத்துட்டு வந்து நிக்கிற! சொல்றதுன்னா ஆபீஸ்ல சொல்லணும், இல்லன்னா முழுங்கணும். இதென்ன ரெண்டுங்கெட்டான் வேலை?” ஏன் போய்ச் சொன்னார் என்று மனைவி பொறுமையாகவே கேட்டுப் பார்த்தார். நேர்மை என்று நானும் இதைப் புகழமாட்டேன். கோழைத்தனம் என்றும் சொல்ல வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கீழே இறங்கியபோது வாட்ச்மேன் மேஜையில் ரிஜிஸ்டர் இருந்தது, நூலில் கட்டிய பேனாவோடு. அதன்மேல் ஒரு நிமிஷம் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திறக்காமலே போய்விட்டார்.